சிறுநீரகம் ஒன்று, கருப்பை இரண்டு

எனக்கு வலது சிறுநீரகம் கிடையாது. பிறவியிலேயே இல்லை. சின்ன வயதில் காய்ச்சலுக்காக ஸ்கேன் எடுத்தபோது தெரியவந்தது. "ஒன்று இருந்தாலே போதும், நிறையப் பேர் இது தெரியாமலே வாழ்ந்து முடித்துவிடுகிறார்கள்" என்று சொல்லி அனுப்பிவிட்டார்கள். சொன்னது உண்மைதான். ஆயிரம், இரண்டாயிரம் பேரில் ஒருவருக்கு இப்படி இருக்கும். இருக்கிற ஒன்று கொஞ்சம் பெரிதாக வளர்ந்து இரண்டின் வேலையையும் பார்த்துக்கொள்ளும். ஆனால் பெண் குழந்தையாக இருந்தால் அதோடு இன்னொன்றையும் சொல்லி அனுப்ப வேண்டும்: வயதுக்கு வருவதற்கு முன் கருப்பையையும் ஒருமுறை பார்த்துவிடுங்கள். எங்களிடம் அதை யாரும் சொல்லவில்லை.

சிறுநீரகத்துக்கும் கருப்பைக்கும் என்ன சம்பந்தம் என்று தோன்றும். வளர்ந்த உடம்பில் பெரிதாக ஒன்றும் இல்லை. கருவில் நிறைய இருக்கிறது. அது எனக்குத் தெரியவந்தது பதினான்கு வயதில்.

மாதவிடாய் தொடங்கி முதல் சில மாதங்கள் ஒன்றும் தெரியவில்லை. அப்புறம் வலி ஆரம்பித்தது. எல்லாருக்கும் வருவதுதானே என்று நானும் பல்லைக் கடித்துக்கொண்டிருந்தேன். ஆனால் இந்த வலியின் போக்கே வேறு. வழக்கமாக முதல் நாளோ இரண்டாம் நாளோ வலித்து, ரத்தப்போக்கு குறையக் குறைய வலியும் அடங்கிவிடும். எனக்கு ரத்தப்போக்கு நிற்கிற சமயத்தில்தான் வலி உச்சத்துக்குப் போகும். நின்ற பிறகும் நாள்கணக்கில் இருக்கும். வலதுபக்க அடிவயிற்றில் ஒரு கனம், உட்கார்ந்தால் பின்பக்கமாக அழுத்துவது போல. ஒவ்வொரு மாதமும் போன மாதத்தைவிட ஒரு படி அதிகம். போகப்போக மலச்சிக்கல், சிறுநீர் கழிக்கவே முக்க வேண்டிய நிலை.

போன இடமெல்லாம் முதல் கேள்வி ஒன்றுதான்: "பீரியட்ஸ் மாசாமாசம் ஒழுங்கா வருதா?" வருகிறது என்றதும், "அப்போ அடைப்பெல்லாம் இருக்காது, போகப்போகச் சரியாயிடும்" என்று வலி மாத்திரை எழுதிக் கொடுத்துவிடுவார்கள். ஒரு கருப்பை இருப்பவர்களுக்கு அந்தக் கணக்கு சரிதான். வெளியே ரத்தம் வந்தால் வழி திறந்திருக்கிறது என்று அர்த்தம். எனக்கு இரண்டு கருப்பை என்பது அப்போது யாருக்கும் தெரியாது.

ஒரு ஸ்கேனில் வலது சினைப்பையில் கட்டி என்று எழுதிவிட்டார்கள். அறுவை சிகிச்சை செய்து எடுத்துவிடலாம் என்று பேச்சும் நடந்தது. எதற்கும் இன்னொரு இடத்தில் பார்ப்போம் என்று அம்மா அழைத்துப் போனார். அங்கே ஸ்கேன் பார்த்த மருத்துவர் அடிவயிற்றைப் பார்த்துவிட்டு, பழக்கத்தில் கருவியை மேலே விலாவுக்குக் கீழே கொண்டுபோனார். அங்கேயே கொஞ்ச நேரம் இப்படியும் அப்படியும் தேடினார்.

"வலது கிட்னி எங்கேம்மா? எடுத்துட்டாங்களா?"

"இல்லைங்க டாக்டர், பிறந்ததிலிருந்தே இல்லை."

அவர் பதில் ஒன்றும் சொல்லவில்லை. இன்னும் கொஞ்சம் ஜெல் போட்டு, கருவியை மறுபடி அடிவயிற்றுக்குக் கொண்டுவந்து, திரையைப் பார்த்துக்கொண்டே இருந்தார். அப்புறம் அம்மாவிடம், "இது கட்டி இல்லைம்மா. பாப்பாவுக்குக் கர்ப்பப்பை ரெண்டு இருக்கு. அதுல ஒண்ணுக்கு வாசல் இல்லை" என்றார்.

எம்.ஆர்.ஐ. எடுத்ததும் படம் தெளிவாகிவிட்டது. இடதில் ஒரு கருப்பை, வலதில் ஒரு கருப்பை, ஒவ்வொன்றுக்கும் தனித்தனிக் கழுத்து (கருப்பைவாய்). கீழே யோனிக் குழாயையும் நடுவில் ஒரு சுவர் இரண்டாகப் பிரித்திருந்தது. இடது பாதி திறந்திருந்ததால் மாதாமாதம் ரத்தம் வெளியே வந்தது. வலது பாதியின் அடி மூடியிருந்ததால் அந்தப் பக்கத்து ரத்தம் முழுவதும் உள்ளேயே தேங்கிக்கொண்டிருந்தது. கட்டி என்று நினைத்தது அந்தப் பழைய ரத்தம் நிரம்பிய பை. இந்த மூன்றும் (இரட்டைக் கருப்பை, ஒரு பக்க அடைப்பு, அதே பக்கம் சிறுநீரகம் இல்லாமை) சேர்ந்து வருவதற்கு மருத்துவர்கள் ஓவிரா என்று பெயர் வைத்திருக்கிறார்கள். பெரும்பாலும் வலது பக்கத்தில்தான் வருமாம்.

எனக்கு அறுவை சிகிச்சை செய்த மகப்பேறு மருத்துவர் பொறுமைசாலி. ஸ்கேன் உறையின் பின்பக்கத்தில் பேனாவால் கோடு போட்டு விளக்கினார். அந்தப் படத்தை வைத்துக்கொண்டு பின்னாளில் நான் தேடிப் படித்ததையும் சேர்த்து இங்கே சொல்கிறேன். ஒரு விஷயத்தை முதலில் நினைவில் வையுங்கள்: கருவியலில் வாரங்களைக் கரு உருவான நாளிலிருந்து எண்ணுவார்கள். மருத்துவமனையில் சொல்லும் கர்ப்ப வாரம் கடைசி மாதவிடாயிலிருந்து தொடங்குவதால் அதைவிட 2 வாரம் கூடுதலாக இருக்கும்.

நான்காவது வாரத்தில் கருவின் முதுகுப் பக்கத்தில், இரண்டு ஓரங்களிலும் மேலிருந்து கீழாக ஒவ்வொரு குழாய் ஓடுகிறது. இதை முதலில் விவரித்தவர் 1759இல் காஸ்பர் ஃப்ரீட்ரிக் வோல்ஃப். அதனால் வோல்ஃபியன் குழாய். கருவுக்கென்று தற்காலிகமாக ஒரு சிறுநீரகம் உருவாகும், அதன் கழிவுக் குழாய்தான் இது. ஐந்தாவது வாரத்தில் இதன் அடிப்பகுதியிலிருந்து ஒரு சின்ன மொட்டு கிளம்பி மேல்நோக்கி வளர்ந்து, அங்கே காத்திருக்கும் திசுவுக்குள் நுழைகிறது. மொட்டும் திசுவும் ஒன்றையொன்று தூண்டிக்கொண்டுதான் நிரந்தரச் சிறுநீரகம் உருவாகிறது. மொட்டு வராவிட்டால் திசு அப்படியே கரைந்துபோகும், அந்தப் பக்கம் சிறுநீரகம் இருக்காது.

ஆறாவது வாரத்தில் வோல்ஃபியன் குழாய்க்குப் பக்கத்திலேயே, வெளிப்புறமாக, இன்னொரு குழாய் முளைக்கிறது. இது முல்லேரியன் குழாய். யோஹன்னஸ் முல்லர் இதை விவரித்தது 1830இல். கருப்பை, கருமுட்டைக் குழாய்கள், யோனியின் மேல்பகுதி எல்லாம் இதிலிருந்துதான் வரப்போகின்றன. ஆனால் இது தானாகக் கீழே இறங்கத் தெரியாத குழாய். வோல்ஃபியன் குழாயை ஒட்டியே வளர்ந்து, ஒரு கட்டத்தில் அதன் முன்பக்கமாகக் குறுக்கே கடந்து உடம்பின் நடுக்கோட்டுக்கு வர வேண்டும். கோழிக் கருவில் வோல்ஃபியன் குழாயை இடையில் துண்டித்துப் பார்த்திருக்கிறார்கள். முல்லேரியன் குழாயும் அந்த இடத்தோடு நின்றுபோனது. கொழுகொம்பு இல்லாத கொடி எப்படி மேலே போகும், அதே கதைதான். இங்கே கொடி கீழ்நோக்கிப் போகிறது, அவ்வளவுதான் வித்தியாசம்.

எட்டு, ஒன்பதாவது வாரவாக்கில் இடது வலது முல்லேரியன் குழாய்களின் கீழ்ப்பகுதிகள் நடுவில் சந்தித்து ஒட்டிக்கொள்கின்றன. முதலில் இரண்டுக்கும் இடையே ஒரு சுவர் இருக்கும். பிறகு அது கரைந்து ஒரே அறையாகிவிடும். ஒட்டாத மேல்பகுதிகள் இரண்டு கருமுட்டைக் குழாய்களாக நிற்கும். ஒட்டுவதில் குறை வந்தால் இரட்டைக் கருப்பை அல்லது இரண்டு கொம்புக் கருப்பை. ஒட்டி, சுவர் கரையாமல் நின்றால் தடுப்புச் சுவர் உள்ள கருப்பை. ஒரு பக்கக் குழாய் வளராமலே போனால் பாதிக் கருப்பை. இப்படி ஏதோ ஒரு வகை மாறுதல் நூறு பெண்களில் ஐந்து பேர் வரை இருக்கிறதாம். பலருக்கு வாழ்நாள் முழுக்கத் தெரியவே தெரியாது, தெரிய வேண்டிய அவசியமும் வராது.

இப்போது என் கதை புரியும். வலது வோல்ஃபியன் குழாயின் கீழ்ப்பகுதியில் ஏதோ கோளாறு. அதனால் சிறுநீரக மொட்டு கிளம்பவில்லை. அதே காரணத்தால் வலது முல்லேரியன் குழாய்க்கு வழிகாட்டவும் ஆளில்லை. அது நடுக்கோட்டுக்கு வந்து தன் இணையோடு சேரவில்லை, கீழே வாசலும் திறக்கவில்லை. சிறுநீரகம் ஒரு பக்கம் இல்லாத பெண் குழந்தைகளில் ஏறக்குறைய மூன்றில் ஒருவருக்குக் கருப்பையிலோ யோனியிலோ ஏதாவது மாறுதல் இருக்கும் என்பது மருத்துவ உலகில் தெரிந்த சங்கதிதான். சிறுநீரகம் பார்ப்பவர் ஒருவர், கருப்பை பார்ப்பவர் ஒருவர் என்று இருப்பதால் இடையில் விழுந்துவிடுகிறது.

எனக்கு ரொம்ப நாள் இருந்த சந்தேகம்: உள்ளே இவ்வளவு மாறுதல் இருந்தும் வளர்ச்சியில் ஒரு குறையும் தெரியாமல் போனது எப்படி? இனப்பெருக்க உறுப்புகள் என்று நாம் மொத்தமாகச் சொல்வது கருவில் மூன்று தனித்தனி இடங்களிலிருந்து வருகிறது. கருப்பை வருவது முல்லேரியன் குழாயிலிருந்து. சினைப்பை வேறொரு திசு மேட்டிலிருந்து உருவாகிறது. அதில் குடியேறும் முட்டைகளின் மூதாதைச் செல்கள் இன்னும் தொலைவிலிருந்து வருகின்றன. நான்காவது வாரத்தில் கருவுக்கு வெளியே, மஞ்சள் கருப் பையின் சுவரில் இருக்கும் அந்தச் செல்கள் குடல் சுவர் வழியாக ஊர்ந்து அந்த மேட்டை வந்தடைகின்றன. (இருபதாவது வார வாக்கில் ஒரு பெண் கருவின் சினைப்பைகளில் 60, 70 லட்சம் முட்டைகள் இருக்கும், பிறக்கும்போது அது 10, 20 லட்சமாகக் குறைந்திருக்கும் என்று படித்தபோது நம்பவே முடியவில்லை.) வெளி உறுப்புகள் மூன்றாவது இடத்திலிருந்து, தோலும் அதன் அடித்திசுவும் மடிந்து உருவாகின்றன. முல்லேரியன் குழாயில் கோளாறு வந்தால் மற்ற இரண்டிலும் வர வேண்டும் என்று ஒரு கட்டாயமும் இல்லை. சினைப்பை சரியாக இருப்பதால் ஹார்மோன் சரியாகச் சுரக்கும், வளர்ச்சி நேரத்துக்கு நடக்கும், வெளியிலிருந்து பார்த்தால் எதுவும் தெரியாது. அதனால்தான் வெளிப்பார்வையை மட்டும் வைத்து உள்ளே எல்லாம் சரி என்று சொல்லிவிட முடியாது.

ஆண், பெண் இருவருக்கும் ஏழாவது வாரம்வரை இந்த இரண்டு ஜோடிக் குழாய்களும் இருக்கும் என்பது இன்னொரு வேடிக்கை. ஒய் குரோமோசோமில் எஸ்.ஆர்.ஒய். என்றொரு மரபணு (1990இல்தான் கண்டுபிடித்தார்கள்) விந்தகம் உருவாகும் வேலையைத் தொடங்கி வைக்கிறது. விந்தகம் இரண்டு பொருட்களைச் சுரக்கும். ஒன்று முல்லேரியன் குழாயைக் கரைக்கும் ஹார்மோன், மற்றது வோல்ஃபியன் குழாயைக் காப்பாற்றும் டெஸ்டோஸ்டிரோன். இது இரண்டு வேறு பொருட்களின் வேலை என்பதைக் காட்டியவர் ஆல்ஃப்ரெட் ஜோஸ்ட், 1940களில், முயல் கருக்களை வைத்து. விந்தகத்தை எடுத்துவிட்டால் எந்தக் கருவிலும் பெண்ணுறுப்புகள் வளர்ந்தன. விந்தகத்துக்குப் பதில் வெறும் டெஸ்டோஸ்டிரோனை வைத்தபோது வோல்ஃபியன் குழாய் பிழைத்தது, ஆனால் முல்லேரியன் குழாயும் போகாமல் நின்றது.

இதில் ஆண் குழந்தைகளின் பெற்றோருக்கும் ஒரு தகவல் இருக்கிறது. ஆணில் வோல்ஃபியன் குழாய்தான் விந்து நாளமாகிறது. ஆகவே சிறுநீரகம் ஒன்று இல்லாத ஆணுக்கு அதே பக்க விந்து நாளம் இல்லாமல் இருக்கலாம், அல்லது விந்துப் பையில் நீர்க்கட்டி வரலாம். பயப்பட ஒன்றும் இல்லை, மறுபக்கம் வேலை செய்யும். ஆனால் பின்னாளில் குழந்தைப் பேறுக்காகப் பரிசோதனை என்று போனால் "எனக்குக் கிட்னி ஒன்றுதான்" என்பதை முதலிலேயே சொல்லிவிடுவது நல்லது.

என் அம்மாவுக்கு வருவோம். படம் போட்டு விளக்கி முடித்ததும் அவர் கேட்ட ஒரே கேள்வி, "நான் மாசமா இருந்தப்போ ஏதாவது தப்பாச் சாப்பிட்டுட்டேனா டாக்டர்?" மருத்துவர் பேனாவை வைத்துவிட்டுச் சொன்னார்: "அஞ்சாவது, ஆறாவது வாரத்துல நடந்தது இது. நீங்க மாசமா இருக்கீங்கன்னு உங்களுக்கே தெரிஞ்சிருக்குமோ என்னவோ." பெரும்பாலான பேருக்குக் காரணம் இன்னது என்று சொல்ல முடிவதில்லை. தாய் செய்த எதனாலும் இது வருவதில்லை. இதை அழுத்திச் சொல்கிறேன், ஏனென்றால் வீட்டுக்கு வருகிற உறவுக்காரர்களில் யாராவது ஒருவர் கட்டாயம் அம்மாவைப் பார்த்து அந்தக் கேள்வியைக் கேட்பார்.

சிகிச்சை நான் பயந்த அளவுக்கு இல்லை. வயிற்றைக் கிழிக்கவில்லை. யோனி வழியாகவே உள்ளே இருந்த சுவரை அகற்றி, வலது பக்கத்துக்கும் வழி செய்துவிட்டார்கள். தேங்கியிருந்த கருத்த ரத்தம் வடிந்த அன்று இரவு நான் தூங்கிய தூக்கம் இன்றும் நினைவிருக்கிறது. வயதுப் பெண்ணுக்கு அந்த வழியாக அறுவை சிகிச்சையா என்று வீட்டில் தயங்கினார்கள்தான். "தள்ளிப்போடப் போட ரத்தம் கருமுட்டைக் குழாய் வழியாக வயிற்றுக்குள் போகும், அங்கே எண்டோமெட்ரியோசிஸ் (கருப்பையின் உள்சவ்வு போன்ற திசு வெளியே ஒட்டி வளர்வது) வரும், பிறகு குழந்தை பெறுவதும் சிக்கலாகலாம்" என்று மருத்துவர் விளக்கிய பிறகு தயக்கம் போய்விட்டது. உங்கள் வீட்டிலும் தயக்கம் வந்தால் மருத்துவரையே உட்கார வைத்துப் பேசச் சொல்லுங்கள். நாம் சொன்னால் எடுபடாது.

உடனே அறுவை சிகிச்சை செய்ய முடியாவிட்டால், ஹார்மோன் மாத்திரை கொடுத்து மாதவிடாயைத் தற்காலிகமாக நிறுத்தி வைக்கலாம். வலி நின்று, நல்ல அனுபவம் உள்ளவரைத் தேடிப் போக அவகாசம் கிடைக்கும். இடைக்கால நிவாரணம் என்று ஊசி போட்டு ரத்தத்தை மட்டும் உறிஞ்சி எடுக்க யாராவது சொன்னால் இன்னொருவரிடமும் கருத்துக் கேளுங்கள். சுவர் அப்படியே இருப்பதால் திரும்பவும் தேங்கும், கிருமித் தொற்றும் வரக்கூடும்.

வலி மாத்திரை விஷயம் தனியாகச் சொல்ல வேண்டும். மாதவிடாய் வலிக்கு வழக்கமாகக் கொடுக்கும் மெஃபனாமிக் அமிலம், ஐபுபுரூஃபன், டைக்ளோஃபினாக் எல்லாமே சிறுநீரகத்துக்குப் போகும் ரத்தத்தைக் குறைக்கக்கூடியவை. ஒரே ஒரு சிறுநீரகம் இருப்பவர் இவற்றை மாதாமாதம் சாப்பிடுவதென்றால் சிறுநீரக மருத்துவரைக் கேட்டுக்கொண்டுதான் சாப்பிட வேண்டும். எனக்கு எழுதிக் கொடுத்தவர்களில் ஒருவரும் சிறுநீரகம் பற்றி விசாரிக்கவில்லை. கேட்காவிட்டாலும் நாமே சொல்லிவிடுவதுதான் வழி. வருடத்துக்கு ஒருமுறை ரத்த அழுத்தமும் சிறுநீரில் புரதம் இருக்கிறதா என்பதும் பார்த்துக்கொள்கிறேன், இரண்டும் நிமிடத்தில் முடிகிற பரிசோதனை.

சிறுநீரகம் ஒன்றுதான் என்று தெரிந்த பெண் குழந்தை வீட்டில் இருந்தால் எப்போது கருப்பையைப் பார்ப்பது? குழந்தைப் பருவத்தில் கருப்பை மிகச் சிறியது, ஸ்கேனில் எதுவும் திட்டமாகச் சொல்ல முடியாது. மார்பு வளர ஆரம்பித்த பிறகு, முதல் மாதவிடாய்க்கு முன்னால், அந்த இடைவெளிதான் தோதான காலம். ஹார்மோன் சுரக்கத் தொடங்கியதால் கருப்பை ஓரளவு வளர்ந்திருக்கும், ரத்தம் தேங்கவும் ஆரம்பித்திருக்காது. பிறந்த சில நாட்களுக்குள்ளும் தாயின் ஹார்மோன் தாக்கத்தால் கருப்பை சற்றுப் பெரிதாகத் தெரியும். ஸ்கேன் சந்தேகமாக இருந்தால் எம்.ஆர்.ஐ. அதே மாதிரி, கருப்பையில் மாறுதல் என்று தெரிந்த பெண்ணுக்குச் சிறுநீரகங்களையும் பார்த்துவிட வேண்டும். வழி இரண்டு பக்கமும்தான்.

குழந்தை பிறக்குமா என்ற கேள்விக்கு: எனக்கு ஒரு பையன் இருக்கிறான், இடது கருப்பையில் வளர்ந்தவன். வலது கருப்பை அந்த மாதங்களில் கொஞ்சம் பெருத்து, காலியாக, சும்மா இருந்தது. இரட்டைக் கருப்பையில் இடம் குறுகலாக இருப்பதால் முன்கூட்டியே பிரசவமாவதும் குழந்தை தலைகீழாகத் திரும்பாமல் இருப்பதும் மற்றவர்களைவிடச் சற்று அதிகம். இவனும் திரும்பாமல் உட்கார்ந்தே இருந்தான், சிசேரியன் செய்துதான் எடுத்தார்கள். சிறுநீரகம் ஒன்று என்பதால் ரத்த அழுத்தத்தை அடிக்கடி பார்த்தார்கள். ஐந்தாவது மாத ஸ்கேனின்போது, ரிப்போர்ட் அச்சாகும்வரை காத்திருக்காமல், குழந்தைக்குச் சிறுநீரகம் இரண்டும் தெரிகிறதா என்று வாய்விட்டுக் கேட்டுவிட்டேன். இரண்டும் இருந்தன.

வளர்ந்த பிறகு கவனிக்க வேண்டியது ஒன்று உண்டு, இதையும் யாரும் தானாகச் சொல்வதில்லை. கருப்பைவாய்ப் புற்றுநோய்க்கான பரிசோதனையில் கழுத்துப் பகுதியிலிருந்து செல்களை எடுப்பார்கள். கழுத்து இரண்டு என்றால் இரண்டிலிருந்தும் எடுக்க வேண்டும். காப்பர்-டி போடுவதென்றாலும் ஒரு கருப்பையில் போட்டால் மற்றது பாதுகாப்பில்லாமல்தான் இருக்கும். கோப்பில் எல்லாம் எழுதியிருந்தாலும் பரிசோதிக்க வருகிறவர் அதைப் படித்துவிட்டு வருவார் என்று சொல்ல முடியாது. படுக்கையில் ஏறுவதற்கு முன்னால் நானே சொல்லிவிடுவேன்: "ரெண்டு இருக்கு. வலதுபக்கத்தது கொஞ்சம் மேலே ஒதுங்கி இருக்கும், தேடிப் பாருங்க."